வினாத்தாளில் வராத காலநிலை

உலகச் சுற்றுச்சூழல் நாளான ஜூன் 5 வந்தால் பல்கலைக்கழகங்களில் மரக்கன்று நடுவார்கள். சுவரொட்டிப் போட்டி, உறுதிமொழி, துணைவேந்தர் பூவாளி பிடித்திருக்கும் புகைப்படம். கொஞ்சம் வசதியான இடமென்றால் காலநிலைக்கென்றே ஒரு மையம் இருக்கும். அதற்குக் கண்ணாடிக் கட்டடம், அந்தக் கட்டடத்துக்கு நாள் முழுக்க ஓடும் ஏசி. இதையெல்லாம் கிண்டல் செய்வது சுலபம், எனக்கு அதில் பெரிய ஆர்வமில்லை. மரக்கன்று நடுவதில் ஒரு தப்புமில்லை. என் கவலை பக்கத்துக் கட்டடத்தைப் பற்றியது. அங்கே ஒரு சிவில் மாணவர், தான் பிறப்பதற்கு முன்பு பெய்த மழையின் அட்டவணையை வைத்துக்கொண்டு, தான் ஓய்வு பெறும்வரை தாக்குப்பிடிக்க வேண்டிய வடிகாலை வடிவமைக்கக் கற்றுக்கொண்டிருப்பார். அந்த வகுப்பில் காலநிலை மாற்றம் என்ற பேச்சே எழாது. அது வேறு துறையின் பாடம்.

நான் நீரியல் நடத்துகிறவன். அதனால் என் பார்வையில் கொஞ்சம் தண்ணீர் வாடை அடிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். காலநிலை மாற்றத்தை எதிர்கொள்ள மாணவர்களைத் தயார் செய்ய வேண்டுமென்றால், புதுத் துறை, புது மையம், புதுப் பட்டம் எல்லாம் அப்புறம். ஏற்கெனவே இருக்கிற பாடங்களின் வினாத்தாளைத் திருத்துவதுதான் முதல் வேலை என்பது என் கட்சி. மாணவர்கள் விவரமானவர்கள். சிலபஸில் என்ன எழுதியிருக்கிறது என்று அவர்கள் பார்ப்பதில்லை. பழைய வினாத்தாள்களை எடுத்து வைத்துக்கொண்டு எது திரும்பத் திரும்பக் கேட்கப்படுகிறது என்று பார்ப்பார்கள். ஒரு துறை எதை முக்கியமாக நினைக்கிறது என்பதற்கு அதைவிட நேர்மையான சான்று கிடையாது.

முதலில் என் பாடத்திலிருந்தே ஒன்றைச் சொல்கிறேன்.

ஒரு பகுதிக்கு மழைநீர் வடிகால் போட வேண்டுமென்றால் அங்கே எவ்வளவு வேகமாக மழை கொட்டும் என்று தெரிய வேண்டும். அதற்கு மழைச்செறிவு வரைபடம் என்று ஒன்று உண்டு. பத்து நிமிட மழையா, ஒரு மணி நேர மழையா, ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை வருவதா, நூறாண்டுக்கு ஒருமுறை வருவதா என்று பார்த்து அதிலிருந்து ஓர் எண்ணை எடுப்போம். அந்த எண்தான் குழாயின் விட்டத்தை முடிவு செய்யும். வரைபடம் எங்கிருந்து வந்தது? பல பத்தாண்டுகளாக மழைமானிகள் பதிவு செய்த கணக்கிலிருந்து. அதாவது நேற்று எப்படிப் பெய்ததோ நாளையும் அப்படியே பெய்யும் என்ற நம்பிக்கை அந்தக் கோடுகளுக்குள் ஒளிந்திருக்கிறது. 2008-இல் 'சயின்ஸ்' இதழில் நீரியலாளர்களும் காலநிலை அறிஞர்களும் சேர்ந்து எழுதிய ஒரு கட்டுரை, அந்த நம்பிக்கை செத்துவிட்டது என்று தலைப்பிலேயே போட்டு உடைத்தது. கட்டுரை வந்தது, மேற்கோள் காட்டப்பட்டது, கருத்தரங்குகள் நடந்தன. வகுப்பறையில் பழைய வரைபடம் ஓடிக்கொண்டேதான் இருக்கிறது.

இதன் பின்னால் இருக்கிற இயற்பியல் முதலாண்டிலேயே படித்ததுதான். காற்று ஒரு டிகிரி சூடானால் அது தாங்கக்கூடிய நீராவி ஏறத்தாழ 7 விழுக்காடு கூடும். நீராவி கூடினால் குறுகிய நேரத்தில் கொட்டும் மழையின் செறிவும் ஏறக்குறைய அதே கணக்கில், சில இடங்களில் அதற்கும் மேலே, கூடும். மாணவருக்கு வெப்ப இயக்கவியலும் தெரியும், வடிகாலும் தெரியும். இரண்டும் ஒரே கேள்வியில் சந்தித்தது மட்டும் கிடையாது.

இன்னொன்று, 'நூறாண்டு வெள்ளம்' என்ற சொல். ஒருமுறை வந்துவிட்டால் அடுத்த நூறு வருஷத்துக்குக் கவலையில்லை என்றுதான் பொதுவாக எல்லாரும் நினைக்கிறார்கள். சிவில் பட்டதாரிகளிலும் சிலர் அப்படித்தான். உண்மையில் எந்த ஓர் ஆண்டிலும் அது வருவதற்கு 1 விழுக்காடு வாய்ப்பு என்று பொருள், அவ்வளவுதான். ஒரு வீட்டுக் கடன் முடிய 30 ஆண்டு என்று வைத்தால், அந்தக் காலத்துக்குள் குறைந்தது ஒருமுறை அந்த வெள்ளம் வருவதற்கான வாய்ப்பு 26 விழுக்காடு. சரி, வெப்பம் கூடக்கூட அதே அளவு வெள்ளம் 40 ஆண்டுக்கு ஒருமுறை வருவதாக மாறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இப்போது 30 ஆண்டுக்குள் வாய்ப்பு 53 விழுக்காடு. பாதிக்கு மேல். கால்குலேட்டரில் இரண்டு வரிக் கணக்கு. போட்டுப் பார்த்ததும் வகுப்பில் ஒரு சலசலப்பு வரும். பேராசிரியர் ஒரு மணி நேரம் பிரசங்கம் செய்தாலும் அது வராது.

வழக்கமான கேள்வி இப்படி இருக்கும்: "கொடுக்கப்பட்ட பரப்புக்கு 25 ஆண்டு மீள்வருகைக் காலத்தைக் கொண்டு வடிகாலை வடிவமைக்க." 25 ஆண்டுக்கு ஒருமுறை வரும் மழையைத் தாங்க வேண்டும் என்று பொருள். 16 மதிப்பெண். நான் இப்போது அதன்கீழ் மூன்று வரி சேர்க்கிறேன். "தரவு 1990-உடன் முடிகிறது. வடிகால் 50 ஆண்டு இயங்க வேண்டும். உங்கள் அனுமானங்களை எழுதுக, அவை பொய்த்தால் முதலில் எந்தப் பகுதியில் தண்ணீர் நிற்கும் என்று காட்டுக."

முதன்முதலில் இதைக் கொடுத்தபோது பின்பெஞ்சிலிருந்து ஒரு மாணவி எழுந்து, "சார், அப்ப எந்த நம்பரைத்தான் போடறது?" என்றார். எரிச்சலோடுதான் கேட்டார். ஆனால் அந்தக் கேள்விதான் வேண்டும். நாளைக்கு ஏதோ ஒரு நகராட்சியின் அலுவலகத்தில் அதே மேசையில் அவர் உட்காரப்போகிறார். அங்கே சரியான எண்ணை எடுத்துக் கொடுக்க யாரும் இருக்கமாட்டார்கள். குறைந்த மதிப்பீடு, நடுத்தர மதிப்பீடு, கூடிய மதிப்பீடு என்று மூன்று இருக்கும். பெரிய குழாய் போட்டால் செலவு, சின்னக் குழாய் போட்டால் ஆபத்து. இப்போது ஒன்றைப் போட்டு, பின்னால் பெரிதாக்க இடம் விட்டுவைப்பதும் ஒரு வழி. நிச்சயமில்லாத எண்ணோடு வேலை செய்யப் பழகுவதைத்தான் காலநிலைக் கல்வியின் முக்கால் பங்கு என்று நான் நினைக்கிறேன். துருவக்கரடிப் படங்கள் மீதிக் கால் பங்கில் இருந்துவிட்டுப் போகட்டும்.

வேதியியலில் இதைவிடச் சுலபம். சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் சுட்ட சுண்ணாம்பும் கார்பன் டை ஆக்சைடும் வரும் என்ற சமன்பாடு பள்ளிக்கூடத்திலேயே வந்துவிடுகிறது. மூலக்கூறு எடையைப் போட்டுப் பார்த்தால் 100 கிலோ கல்லுக்கு 44 கிலோ வாயு. இதைச் சமன் செய்யச் சொல்லி லட்சக்கணக்கான பேருக்கு மதிப்பெண் போட்டிருக்கிறோம். சிமென்ட் ஆலை என்பது இந்தச் சமன்பாட்டை 1,450 டிகிரிச் சூளையில் நடத்துவதுதான் என்று எத்தனை பேரிடம் சொன்னோம்? உலகின் கார்பன் டை ஆக்சைடு உமிழ்வில் சுமார் 8 விழுக்காடு சிமென்டிலிருந்து வருகிறது. "சூளையை முழுக்கச் சூரிய மின்சாரத்திலேயே ஓட்டினால் உமிழ்வு எவ்வளவு மிஞ்சும்?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலோர் பூஜ்யம் என்பார்கள். உண்மையில் பாதிக்கும் மேல் மிஞ்சும், ஏனென்றால் அது எரிபொருளிலிருந்து வருவதில்லை, கல்லுக்குள்ளிருந்தே வருகிறது. அந்த இடத்தில்தான் கிளிங்கரை, அதாவது சூளையில் சுட்டெடுக்கும் கட்டியை, குறைத்து, சுட்ட களிமண்ணும் அரைத்த சுண்ணாம்புக்கல்லும் கலக்கிற எல்சி3 வகைச் சிமென்ட் ஏன் முக்கியம் என்று புரியும். சுவிட்சர்லாந்தின் இபிஎஃப்எல் பல்கலைக்கழகம் கியூபா, இந்திய ஆய்வாளர்களோடு சேர்ந்து வளர்த்தெடுத்தது அது. கேள்வி சரியாக இருந்தால் பாடம் தானாகப் பின்னால் வரும்.

மருத்துவக் கல்லூரிக்குக் காலநிலை என்றால் கொசு, வெப்பவாதம், அவ்வளவுதான் என்று ஓர் எண்ணம் இருக்கிறது. அவை முக்கியம்தான். ஆனால் அறுவை அரங்கின் உள்ளேயே ஒரு பாடம் இருக்கிறது. டெஸ்ஃப்ளூரேன் என்ற மயக்க வாயுவை எடுத்துக்கொள்ளுங்கள். நோயாளி மூச்சில் இழுத்து, ஏறக்குறைய அப்படியே வெளியே விடுவார். அது குழாய் வழியே கூரைக்கு மேலே போய்விடும். நூறாண்டுக் கணக்கில் ஒரு கிலோ டெஸ்ஃப்ளூரேன், ஒரு கிலோ கார்பன் டை ஆக்சைடைப்போல சுமார் 2,500 மடங்கு சூடேற்றும். அதே வேலையைச் செய்யும் செவோஃப்ளூரேனுக்கு அந்த எண் இருநூறைக்கூட எட்டாது. ஸ்காட்லாந்து தன் பொது மருத்துவமனைகளில் 2023-இல் டெஸ்ஃப்ளூரேனை நிறுத்தியது. ஐரோப்பிய ஒன்றியம் 2026 ஜனவரி முதல், மருத்துவரீதியாகத் தவிர்க்க முடியாதபோது மட்டுமே பயன்படுத்தலாம் என்று சட்டம் போட்டது. நோயாளிக்கு எந்தக் குறையும் வராமல் எடுக்கக்கூடிய முடிவு இது. மயக்கவியல் தேர்வில் இரண்டு வாயுக்களையும் ஒப்பிடச் சொல்லி எப்போதும் ஒரு கேள்வி வரும். எவ்வளவு சீக்கிரம் விழிப்பு வரும், மூச்சுக்குழாயை உறுத்துமா, விலை என்ன என்று பட்டியல் போடுவார்கள். அந்தப் பட்டியலில் இன்னொரு வரி சேர்ந்தால் போதும். தனிப் பாடமெல்லாம் எதற்கு?

பொருளாதாரத்தில் விஷயம் கொஞ்சம் வில்லங்கமானது. எனக்கு மிகவும் பிடித்ததும் அதுதான். நூறு ஆண்டு கழித்து வரப்போகும் 100 கோடி இழப்பை இன்றைய மதிப்பில் எவ்வளவு என்று எடுத்துக்கொள்வது? அதற்குக் கழிவு வீதம் என்று ஒன்றைப் போடுவார்கள், வருங்காலப் பணத்தின் மதிப்பை ஆண்டுக்கு எத்தனை விழுக்காடு குறைப்பது என்று. 2006-இல் பிரிட்டன் அரசுக்காக பொருளாதார அறிஞர் நிக்கோலஸ் ஸ்டெர்ன் தயாரித்த காலநிலை அறிக்கை ஏறத்தாழ 1.4 விழுக்காட்டைப் பயன்படுத்தியது. அந்தக் கணக்கில் 100 கோடி இன்றைக்குச் சுமார் 25 கோடி. வழக்கமான முதலீட்டுக் கணக்குகளில் வருகிற 5 விழுக்காட்டைப் போட்டால் முக்கால் கோடிதான். அதே இழப்பு, அதே சூத்திரம், ஒரே ஓர் எண்ணை மாற்றியதும் முப்பது மடங்குக்கு மேல் வித்தியாசம். பின்னாளில் நோபல் வாங்கிய வில்லியம் நார்தாஸ் ஸ்டெர்னோடு மல்லுக்கட்டியதன் மையப்புள்ளி இந்த ஒற்றை எண்தான். பேரக்குழந்தைகளின் நலன் நமக்கு எவ்வளவு முக்கியம் என்ற கேள்வியை ஒரு சதவீதத்துக்குள் சுருட்டி வைத்திருக்கிறோம். அதை மாணவர் தன் கையால் மாற்றிப் பார்க்க வேண்டும். எக்செல் தெரிந்தால் போதும். பார்த்த பிறகு 'நிபுணர்கள் கணக்கிட்டுச் சொன்னார்கள்' என்ற வாக்கியத்தை அவர் பழையபடி நம்பமாட்டார்.

கலைப் பிரிவு மாணவர்களை இந்தப் பேச்சில் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். விழிப்புணர்வு நாடகம் போடச் சொல்வதோடு சரி. ஜப்பானின் கியோட்டோவில் செர்ரி பூத்த தேதிகள் ஒன்பதாம் நூற்றாண்டிலிருந்து கணக்கிடப்பட்டிருக்கின்றன. அதைத் தொகுத்தவர் யசுயுகி அவோனோ. ஒசாக்காவில் பேராசிரியராக இருந்த வேளாண் வானிலை அறிஞர். அரசவையினரும் துறவிகளும் எழுதி வைத்த பழைய நாட்குறிப்புகளைத் தேடி, அந்தக் காலத்து எழுத்தை வாசித்து, எந்த நாளில் பூ முழுதாக விரிந்தது, எந்த நாளில் அதற்கான விருந்து நடந்தது என்று ஒவ்வொன்றாக எடுத்தார். அந்த நீண்ட பதிவில் 2021 மார்ச் 26 அன்றுபோல அதற்கு முன் அவ்வளவு சீக்கிரம் பூத்ததே இல்லை. இது வானிலைத் துறையின் வேலையா, வரலாற்றுத் துறையின் வேலையா, மொழித் துறையின் வேலையா? பழைய சுவடி வாசிக்கத் தெரிந்த மாணவருக்கு ஒரு வெப்பநிலைத் தொடரை உருவாக்கும் ஆற்றல் இருக்கிறது என்று அவருடைய துறைத்தலைவர் அவரிடம் சொல்லியிருப்பாரா?

எல்லா மாணவருக்கும் பொதுவாக ஒரு கட்டாயப் பாடம் வைத்தால் என்ன என்று கேட்பார்கள். சில இடங்களில் வைத்துவிட்டார்கள். பார்சிலோனா பல்கலைக்கழகத்தில் 2022-இல் மாணவர்கள் வளாகத்தை ஆக்கிரமித்துப் போராடி, காலநிலை நெருக்கடி பற்றிய பாடம் எல்லாருக்கும் கட்டாயம் என்ற ஒப்புதலை வாங்கினார்கள். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகம் 2024-இல் சேர்ந்தவர்களிலிருந்து, இளங்கலைப் பட்டத்துக்குக் காலநிலை தொடர்பான ஒரு பாடமாவது முடித்திருக்க வேண்டும் என்று விதி கொண்டுவந்தது. சான் டியாகோவின் வழி எனக்குப் பிடித்திருக்கிறது. ஒரே பாடத்தை எல்லார் தலையிலும் கட்டாமல், பல துறைகளில் இருக்கும் பாடங்களிலிருந்து தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். கட்டாயப் பொதுப்பாடத்தின் தலைவிதி என்னவென்று நமக்குத் தெரியும். முதல் பெஞ்சு குறிப்பெடுக்கும், கடைசி பெஞ்சு அடுத்த பீரியடின் ரெக்கார்டு எழுதும், தேர்வுக்கு முந்தின நாள் ஒரு கைடு புத்தகம் கைமாறும். எல்லாரும் பாஸ்.

இத்தனைக்கும் ஆய்வகம் வளாகத்திலேயே கிடக்கிறது. ஒரு பல்கலைக்கழகம் என்பது விடுதி, சமையலறை, ஆய்வகம், பேருந்து, ஏசி, ஜெனரேட்டர், கழிவுநீர் எல்லாம் உள்ள ஒரு சிறு நகரம். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகம் 2000-ஆம் ஆண்டிலிருந்து பக்கத்து ஏரியின் ஆழத்தில் கிடக்கும் 4 டிகிரித் தண்ணீரின் குளிர்ச்சியை எடுத்து வளாகத்தைக் குளிர்விக்கிறது. ஏரித் தண்ணீரும் வளாகத் தண்ணீரும் கலப்பதில்லை, வெப்பம் மட்டும் கைமாறும். குளிரூட்டும் மின்செலவில் 80 விழுக்காட்டுக்கு மேல் மிச்சம். இண்டியானா மாநிலத்தின் பால் ஸ்டேட் பல்கலைக்கழகம் நிலக்கரிக் கொதிகலன்களை மூடிவிட்டு, ஆயிரக்கணக்கான ஆழ்துளைகள் வழியே நிலத்தடி வெப்பத்தைக் கொண்டு கட்டடங்களைச் சூடாக்கியும் குளிர்வித்தும் வருகிறது. ஏரியும் பணமும் எல்லாருக்கும் வாய்க்காது, சரி. மீட்டர் எல்லாரிடமும் உண்டு. நள்ளிரவு இரண்டு மணிக்கு ஆளில்லாத ஆய்வகக் கட்டடம் ஏன் பகல் நேரத்து மின்சாரத்தில் பாதியை இழுக்கிறது என்று கண்டுபிடிக்க ஒரு மின்பொறியியல் மாணவரை விடுங்கள். வாயு வெளியேற்றும் விசிறிகள், ஆழ்குளிர் பெட்டிகள், யாரும் அணைக்காத கம்ப்யூட்டர்கள் என்று ஒவ்வொன்றாக வரும். கடைசிப் பருவத்து பிராஜெக்ட் என்று வெளியில் காசு கொடுத்து வாங்கிவருகிற சமாச்சாரங்களைவிட இது எவ்வளவோ மேல்.

அதே வளாகத்தில் வணிகவியல் மாணவர்களுக்கும் வேலை இருக்கிறது. 'கார்பன் சமநிலை அடைந்துவிட்டோம்' என்று தங்கள் பல்கலைக்கழகம் அறிவித்தால் அந்தக் கணக்கைத் தணிக்கை செய்யச் சொல்ல வேண்டும். உண்மையில் எவ்வளவு குறைத்தார்கள், எவ்வளவுக்கு கார்பன் கிரெடிட், அதாவது வேறெங்கோ உமிழ்வு குறைந்ததற்கான சான்று, வாங்கிக் கணக்கை நேர் செய்தார்கள்? அந்த கிரெடிட்டுக்குப் பின்னால் இருக்கிற காடு, பணம் வராவிட்டாலும் நின்றிருக்குமா? பத்து வருஷம் கழித்துத் தீப்பிடித்தால் அந்த டன்கள் யார் கணக்கில் ஏறும்? நிர்வாகத்துக்கு இந்தக் கேள்விகள் ரசிக்காது. ரசிக்காது என்பதே நல்ல பயிற்சிக்கு அடையாளம்.

முதலீடுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. புதைபடிவ எரிபொருள் நிறுவனங்களிலிருந்து தன் பணத்தை விலக்கிக்கொள்வதாக ஹார்வர்டு 2021-இல் அறிவித்தது, மாணவர்கள் பல ஆண்டு போராடிய பிறகு. அந்தப் போராட்டத்தில் நிதி அறிக்கை வாசிக்கவும் பொறுப்பில் இருப்பவர்களோடு பேரம் பேசவும் அவர்கள் கற்றதை எந்த வகுப்பும் கற்றுத்தந்திருக்காது.

ஆனால் நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பது வனுவாட்டு என்ற பசிபிக் தீவு நாட்டில் படித்த மாணவர்களைத்தான்.

தென்பசிபிக் பல்கலைக்கழகம் பல தீவு நாடுகளுக்குப் பொதுவானது. அதன் சட்டப் படிப்பு வனுவாட்டுவின் தலைநகர் போர்ட் விலாவில் நடக்கிறது. 2019-இல் அங்கே சர்வதேசச் சுற்றுச்சூழல் சட்டம் படித்துக்கொண்டிருந்த மாணவர்களுக்கு முன்னால், காலநிலை விஷயத்தில் சட்டத்தால் எதுவரை போக முடியும் என்ற கேள்வி வைக்கப்பட்டது. 27 பேர். கடல்மட்டம் உயர்வதும் புயல் வந்து ஊரைப் புரட்டிப்போடுவதும் அவர்களுக்குப் பாடப்புத்தகச் செய்திகள் கிடையாது. ஹேக் நகரில் இருக்கும் சர்வதேச நீதிமன்றத்திடம் ஓர் ஆலோசனைக் கருத்து கேட்கலாம் என்பது அவர்கள் எட்டிய முடிவு. அதற்கு ஐநா பொதுச்சபையில் நாடுகள் கேட்க வேண்டும். ஒரு வகுப்பறைக்கு அது எட்டாத உயரம்தான். அவர்கள் ஓர் அமைப்பு தொடங்கி, பசிபிக் நாடுகளின் தலைவர்களுக்கு எழுதினார்கள். வனுவாட்டு அரசு அதைக் கையில் எடுத்தது. 2023 மார்ச் 29 அன்று பொதுச்சபை வாக்கெடுப்பே தேவைப்படாமல் தீர்மானத்தை ஏற்றது. 2024 டிசம்பரில் ஹேக்கில் விசாரணை நடந்தது, தொண்ணூறுக்கும் மேற்பட்ட நாடுகள் வந்து வாதிட்டன. 2025 ஜூலை 23 அன்று நீதிமன்றம் ஒருமனதாகத் தன் கருத்தைச் சொன்னது. காலநிலையைப் பாதுகாப்பது நாடுகளின் சட்டக் கடமை, அதை மீறினால் பொறுப்பேற்க வேண்டிவரும், நிபந்தனைகள் பொருந்தினால் இழப்பீடும் தர நேரலாம் என்று.

ஆலோசனைக் கருத்து யாரையும் நேரடியாகக் கட்டுப்படுத்தாது, அது வேறு. ஆனால் இனி எந்த நாட்டு நீதிமன்றத்திலும் வழக்கறிஞர்கள் அதை எடுத்துக்காட்டுவார்கள். இதில் எனக்கு ஆச்சரியம் தருவது அந்தக் கேள்வியின் அமைப்பு. 'சர்வதேசச் சுற்றுச்சூழல் சட்டத்தின் கோட்பாடுகளை விவரிக்க' என்று கேட்டிருந்தால் 27 பேரும் நன்றாகவே விவரித்திருப்பார்கள், விடைத்தாள்கள் கட்டாகி பரணுக்குப் போயிருக்கும். விடை யாருக்கும் தெரியாத ஒன்றைக் கேட்டதால்தான் அவர்கள் வகுப்பை விட்டு வெளியே போக வேண்டியிருந்தது.

மாணவர்களின் பயத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2021-இல் வெளியான ஓர் ஆய்வில் 10 நாடுகளைச் சேர்ந்த 16 முதல் 25 வயதுக்குட்பட்ட 10,000 பேரிடம் கேட்டார்கள். காலநிலை பற்றி மிகவும் அல்லது மிக மிகக் கவலையாக இருக்கிறது என்றவர்கள் 59 விழுக்காடு. எதிர்காலம் அச்சமூட்டுகிறது என்றவர்கள் நான்கில் மூன்று பேர். வகுப்பில் அவர்கள் உட்கார்ந்திருக்கும் விதத்தைப் பார்த்தால் இது தெரியாது. நான் கவனித்தவரை, வரைபடத்தைக் காட்டிப் பயமுறுத்தினால் ஃபோனை எடுத்துக்கொள்கிறார்கள். ஒரு வேலையைக் கொடுத்தால் சண்டை போட வருகிறார்கள். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தின் ஸ்லோன் மேலாண்மைப் பள்ளியும் கிளைமேட் இன்டராக்டிவ் அமைப்பும் சேர்ந்து உருவாக்கிய என்-ரோட்ஸ் என்ற பொம்மைக் கணிப்பான் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. நிலக்கரிக்கு வரி, மின்வண்டி, காடு வளர்ப்பு என்று ஒவ்வொரு நெம்புகோலாக நகர்த்தினால் 2100-இல் வெப்பநிலை என்ன ஆகும் என்று உடனே காட்டும். எல்லாரும் முதலில் மரம் நடும் நெம்புகோலை முழுக்கத் தள்ளுவார்கள். எண் லேசாகத்தான் அசையும். அதற்கப்புறம் வகுப்பில் நடக்கும் வாதத்தில் நான் பேசவே வேண்டியதில்லை.

இவ்வளவுக்கும் ஆசிரியர் எங்கே என்ற கேள்வி நியாயமானது. எங்களில் பெரும்பாலோர் இதைப் படித்து வந்தவர்கள் அல்லர். பதவி உயர்வுக்கு ஆய்வுக்கட்டுரை எண்ணிக்கைதான் கணக்கு. பழைய பாடத்தைப் புதுப்பித்தேன் என்று சொன்னால் யாரும் ஓர் இன்க்ரிமென்ட் தரமாட்டார்கள். பாடத்திட்டக் குழு சில ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் கூடும். கூடினாலும் எதைச் சேர்ப்பது என்பதைவிட எதை எடுப்பது என்பதில்தான் சண்டை வரும், ஏனென்றால் எடுக்கப்படுகிற யூனிட் யாரோ ஒருவருடைய வாழ்நாள் பாடம். பல்கலைக்கழகம் மனது வைத்தால் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஒரு காலநிலை அறிஞரைத் துறைகளுக்குச் சுற்றுக்கு விடலாம். ஒரு பருவம் சிவிலில், அடுத்தது மருத்துவத்தில், அப்புறம் சட்டத்தில். அவர் வகுப்பு எடுக்க வேண்டாம். அந்தந்தத் துறை ஆசிரியரோடு உட்கார்ந்து பத்துக் கணக்குகளைத் திருத்திக் கொடுத்தால் போதும். புது மையத்துக்கு ஆகும் செலவில் இதைப் பல ஆண்டு நடத்தலாம். திறப்பு விழா இருக்காது என்பதுதான் குறை.

அதுவரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. சிலபஸ் நம் கையில் இல்லாவிட்டாலும் இன்டர்னல் தேர்வும் அசைன்மென்ட்டும் நம் கையில்தான் இருக்கின்றன. சிக்கல் திருத்தும்போது வரும். 'விடைக்குறிப்பு எங்கே?' என்பார் இன்னொரு திருத்துநர். நியாயமான கேள்விதான். வடிகால் கணக்குக்கு ஒருவர் பெரிய குழாய் போட்டிருப்பார். இன்னொருவர் குழாயை அப்படியே விட்டுவிட்டு, விளையாட்டு மைதானத்தைத் தாழ்த்தி, கனமழையில் தண்ணீர் அங்கே நிற்கட்டும் என்று எழுதியிருப்பார். மூன்றாமவர் பழைய அட்டவணையே போதும் என்று சொல்லி, அதற்குச் சுமாராக ஒரு காரணமும் கொடுத்திருப்பார். மூவருக்கும் ஒரே அளவுகோல் வேண்டும். இப்போதைக்கு நான் 16-இல் 6 மதிப்பெண்ணை அனுமானங்களுக்கு ஒதுக்குகிறேன். என்ன எடுத்துக்கொண்டாய், ஏன், அது தப்பானால் யாருக்கு அடி விழும், இவ்வளவும் எழுதியிருந்தால் முழு மதிப்பெண். செய்தி பரவிவிட்டது. இப்போதெல்லாம் 'அனுமானங்கள்' என்று தலைப்புப் போட்டு ஒரு முழுப் பக்கம் எழுதுகிறார்கள். அதில் பாதி வெறும் அளப்பு. மீதியை அடுத்த வகுப்பில் சத்தமாகப் படித்துக் காட்டி, சரியா என்று மற்றவர்களிடம் கேட்கிறேன்.